எஞ்சின் மாற்றிய மஸில் கார்: வாங்கியதும் எங்கெல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டும்

செவல், கமாரோ, ஜிடிஓ, மஸ்டாங், சார்ஜர் என்று 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வந்த வண்டிகளில் பல இன்று வேறு எஞ்சினோடுதான் கை மாறுகின்றன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு நன்றாகக் கட்டிய மாற்று எஞ்சின், ஐம்பது வருடம் அடிபட்ட அசல் எஞ்சினைவிட மேல். கவலைப்பட வேண்டியது எஞ்சினுக்குள்ளே இருப்பதைப் பற்றிக்கூட அல்ல. புது எஞ்சினும் பழைய வண்டியும் தொட்டுக்கொள்ளும் இடங்கள்தான் காலை வாரும்: மவுன்ட், புல்லி, ஃபிளெக்ஸ்பிளேட், ஸ்டார்ட்டர், த்ராட்டில் கேபிள், வயர், ஹோஸ். எஞ்சினைக் கட்டியவர் ஒருவர், வண்டியில் உட்கார்த்தியவர் இன்னொருவர், மீதி வேலையை முடித்தவர் மூன்றாமவர் என்றிருக்கும். மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி இடது, வலது என்று சொல்வதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும் கணக்கு. இவை ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிகள், ஆகவே ஓட்டுநர் பக்கம் இடது.

எஞ்சின் எது என்று முதலில் தெரியட்டும்

ஏர் கிளீனர் மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஸ்டிக்கரும் குரோம் வால்வு கவரும் யாருக்கும் கிடைக்கும். வார்ப்பிலேயே வந்த எண்ணையும், பிறகு அச்சடித்த முத்திரையையும் மட்டும் கணக்கில் எடுங்கள்.

செவர்லேயின் சிறிய உருவ வி8 எஞ்சின் குடும்பமான ஸ்மால் பிளாக்கில் வார்ப்பு எண், பிளாக்கின் பின் விளிம்பில், கியர்பாக்ஸ் கூடு வந்து சேரும் இடத்தில், இடது பக்கம் மேலே இருக்கும். கம்பி பிரஷ், டார்ச், சின்னக் கண்ணாடி மூன்றும் வேண்டும். அங்கே 3970010 என்று இருந்தால் அநேகமாக 350 (இப்படி வரும் எண்கள் எஞ்சினின் அளவு, கன அங்குலத்தில்). ஆனால் 1969-இல் 302, 327 எஞ்சின்களும் இதே வார்ப்பில் வந்தன. வார்ப்புத் தேதி ஓர் ஆங்கில எழுத்தும் எண்களுமாக இருக்கும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், அடுத்து நாள், கடைசியில் வருடத்தின் ஓர் இலக்கம். அந்த ஓர் இலக்கம்தான் குழப்பும். 9 என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் விடை வரும். கிராங்க்கைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா நான்கா என்பதை வெளியிலிருந்து எந்த எண்ணும் சொல்லாது. ஆயில் பானைக் கழற்றினால் மட்டுமே தெரியும்.

அச்சடித்த முத்திரை வலது ஹெட்டின் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) முன்முனைக்குக் கீழே, பிளாக்கின் தட்டையான சிறு மேடையில் இருக்கும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் அதை மறைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். முதல் எழுத்து தொழிற்சாலை (வி என்றால் ஃபிளின்ட், டி (T) என்றால் டோனவாண்டா), அடுத்த நான்கு இலக்கம் மாதமும் நாளும், கடைசி எழுத்துகள் அந்த எஞ்சின் எந்த வண்டிக்காக, எந்த கியர்பாக்ஸுக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். 1968-இலிருந்து வண்டியின் அடையாள எண்ணான வின்னின் ஒரு பகுதியையும் பிளாக்கில் அடித்தார்கள். அது உங்கள் வண்டியோடு பொருந்தாது. மாற்று எஞ்சின் என்றால் அதுதானே பொருள். சிஇ என்று தொடங்கும் முத்திரை கண்டால் அது உத்தரவாதக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மாற்றிக் கொடுத்த பிளாக். மேடை வழுவழுப்பாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். மெஷின் ஷாப்பில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவும்போது முத்திரையும் போய்விடும்.

பான்டியாக் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 326 முதல் 455 வரை வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றே. 400 என்று விலை கொடுத்து 350 வாங்கிவிடுவது எளிது. பின்பக்க வார்ப்பு எண்ணும், முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழே இருக்கும் எழுத்துக் குறியும் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபோர்டில் பாக எண்ணின் முதல் எழுத்து பத்தாண்டு: சி என்றால் அறுபதுகள், டி (D) என்றால் எழுபதுகள், அடுத்த இலக்கம் வருடம். அது அந்தப் பாகத்தை வடிவமைத்த வருடம், வார்த்த தேதி வேறு. மோப்பார் (கிரைஸ்லர் குழும வண்டிகள்) ஸ்மால் பிளாக்கில் வேலை சுலபம், 318, 340, 360 என்று இடது பக்கவாட்டிலேயே பெரிதாக வார்த்திருப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம்: 1970 செவலில் 396 என்று பேட்ஜ் இருந்து, உள்ளே அளந்தால் 402 கன அங்குலம் வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிய பிறகும் செவர்லே அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொண்டது.

பேலன்ஸ்: இங்கேதான் அதிகம் கெடுகிறது

எஞ்சினின் பெயர் தெரிய வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதல் காரணம் பேலன்ஸ். செவர்லே 350-இல், 1985 வரையிலான இரண்டு துண்டுப் பின் சீல் உள்ளவற்றில், கிராங்க் தன்னளவில் சமனானது. முன்னே டேம்பரிலும் (கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்னே ஃபிளெக்ஸ்பிளேட்டிலும் (கியர்பாக்ஸ் பக்கத்துத் தகட்டுச் சக்கரம்) தனி எடை கிடையாது. 400 ஸ்மால் பிளாக்கில் இரண்டிலும் எடை உண்டு. 454-இலும் அப்படியே. 1986-இலிருந்து வந்த ஒரே துண்டுச் சீல் 350-இல் பின்பக்கம் மட்டும் எடை. ஃபோர்டு 289, பழைய 302 இரண்டுக்கும் 28 அவுன்ஸ் கணக்கு, எண்பதுகளின் 5.0-க்கு 50 அவுன்ஸ். மோப்பாரில் 360-க்கு வெளி எடை உண்டு, வார்ப்பு கிராங்க் 340-களை விட்டால் 340-க்கும் 318-க்கும் இல்லை.

இவற்றில் ஒன்றை மாற்றிப் போட்டாலும் போல்ட் ஒழுங்காக மாட்டிக்கொள்ளும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஸ்டியரிங்கிலும் தரையிலும் ஒரு நடுக்கம் வரும். அதை மவுன்ட் குறை என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால் மெயின் பேரிங் தேயும், ஃபிளெக்ஸ்பிளேட் நடுவில் விரிசல் விடும். கியரில் போடாமல், நின்ற இடத்திலேயே மெல்ல வேகம் ஏற்றிப் பாருங்கள். நடுக்கம் வண்டியின் வேகத்தோடு வராமல் எஞ்சின் வேகத்தோடு மட்டும் வந்தால் பேலன்ஸைச் சந்தேகப்படுங்கள். 400-இன் டேம்பர் பின்முகத்தில் ஒரு பக்கம் கனமாகத் தடித்திருக்கும், கீழே படுத்துப் பார்த்தால் தெரியும்.

400 ஸ்மால் பிளாக் என்றால் இன்னொன்று. அதன் சிலிண்டர்கள் ஒட்டிப் பிறந்தவை, நடுவில் தண்ணீர் ஓட இடமில்லை. அதனால் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு நீராவி ஏற சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை இல்லாத 350 ஹெட்டை அப்படியே மேலே வைத்திருந்தால் அங்கே ஆவி தேங்கும், சூடேறும், ஹெட் கேஸ்கெட் போகும். விற்றவரிடம் ஹெட்டில் துளை போட்டார்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியவில்லை என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு கூலன்ட் பரிசோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

டைமிங் குறி சொல்வது உண்மையா?

டேம்பரின் வெளிவளையம் ரப்பர் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வயதானால் வளையம் நகரும், அதிலுள்ள டைமிங் குறியும் (பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் கோடு) சேர்ந்து நகரும். நகராவிட்டாலும் செவர்லேயில் இன்னொரு கண்ணி இருக்கிறது: 1969-ஐ ஒட்டி டேம்பரின் குறியும் டைமிங் தகடும் இடம் மாறின. பழைய டேம்பரும் புதிய தகடும் சேர்ந்தால் சுமார் 8 டிகிரி பொய் சொல்லும். 34 என்று நினைத்து 42-இல் ஓட்டினால் பிஸ்டன் உடையலாம்.

அதனால் டைமிங் லைட்டைத் தொடுவதற்கு முன் முதல் பிஸ்டன் மேலே எட்டும் உண்மையான உச்சப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், எல்லா பிளக்கையும் எடுங்கள், முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை முறுக்குங்கள். கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பானர் போட்டு, பிஸ்டன் மெல்ல முட்டும்வரை கையால் சுற்றி, தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே டேம்பரில் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் சுற்றி மறுபடி முட்டவிட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவேதான் உச்சப்புள்ளி. பழைய குறி அங்கே இல்லையென்றால் புதிதாகக் கீறிக்கொள்ளுங்கள். வளையம் வழுக்கியிருந்தால் டேம்பரையே மாற்றுங்கள்.

அதன் பிறகு வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் பாருங்கள். ஸ்மால் பிளாக் செவர்லேக்கு ஐடிலில் 8 முதல் 12 டிகிரி, 3000 ஆர்பிஎம்மை ஒட்டி மொத்தம் 34 முதல் 36 என்பது பாதுகாப்பான தொடக்கம். உயரும்போது தடையில்லாமல் உயர்ந்து, கீழே வந்ததும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளும் ஸ்பிரிங்கும் துருவேறியிருக்கின்றன.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) விஷயத்தில் ஃபோர்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 289-க்கும் பழைய 302-க்கும் 1-5-4-2-6-3-7-8. 351 வின்ட்சருக்கும் 5.0 ஹைஅவுட்புட்டுக்கும் 1-3-7-2-6-5-4-8. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினால் ஆர்டரும் மாறும். வால்வு கவரிலும் ஏர் கிளீனரிலும் எழுதியிருப்பதைப் பார்த்து வயர் மாட்டியதால்தான் பல 302-கள் இருமிக்கொண்டு ஓடுகின்றன.

ஆயில்

முதலில் இருக்கும் ஆயிலை வடியுங்கள். கருப்பாக இருப்பது பிரச்சினையில்லை. முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை அடித்தால் மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் மூழ்கி வழிகிறது. அந்த ஆயிலோடு ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஃபில்ட்டரைத் தூக்கிப் போடாமல், வெட்டும் கருவியால் கூட்டை அறுத்து உள்ளிருக்கும் காகிதத்தை விரியுங்கள். ஹாக்ஸா போட்டால் அதன் துகளே விழுந்து குழப்பும். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான தூள் என்றால் கேமோ லிஃப்டரோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறமோ வெள்ளி நிறமோ என்றால் பேரிங். புது எஞ்சினில் முதல் ஃபில்ட்டரில் கொஞ்சம் மிளிரும். செதில் செதிலாக வருவது ஆகாது.

பழைய பாணி ஃபிளாட் டாப்பெட் கேம் (லிஃப்டரின் அடி உருளையில்லாமல் தட்டையாகக் கேமில் உரசும் வகை) என்றால் ஜிங்க் உள்ள ஆயில் தேவை. இன்றைய பயணிகள் காருக்கான 10டபிள்யூ-30 போன்ற தரங்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள், வினையூக்கி மாற்றி கெடாமல் இருக்க. ஃபிளாட் டாப்பெட்டுக்கு 1200-ஐ ஒட்டி வேண்டும். கேம் எது என்று தெரியாவிட்டால் ஃபிளாட் டாப்பெட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் கேமுக்கு அந்த ஆயிலால் கெடுதி இல்லை.

டிப்ஸ்டிக்கையும் நம்பாதீர்கள். செவர்லேயில் 1980-இலிருந்து டிப்ஸ்டிக் வலது பக்கம் போனது. பான், குழாய், கம்பி மூன்றும் வெவ்வேறு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம். சாதாரண ஸ்மால் பிளாக்குக்கு ஃபில்ட்டரோடு சேர்த்து 5 குவார்ட். அளந்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஃபில்ட்டர் நிரம்பவிட்டு, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் எங்கே நிற்கிறதோ அங்கே டிப்ஸ்டிக்கில் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். இனி அதுதான் நிறை குறி. பான் ஆழமானது என்றால் அதன் கொள்ளளவைத் தனியாகத் தேட வேண்டும்.

மாதக்கணக்கில் ஓடாத எஞ்சின் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி அழுத்தம் ஏற்றுங்கள். செவர்லேக்கு வலஞ்சுழி, ஃபோர்டு ஸ்மால் பிளாக்குக்கு இடஞ்சுழி. செவர்லேயில் வெறும் ஸ்க்ரூடிரைவர் தண்டு போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் ஆயில் பாதையின் ஒரு சுவராக இருக்கிறது. அந்த உடலைப் போல உறை உள்ள பிரைமிங் கருவியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஆயில் அந்த இடைவெளி வழியே நழுவிவிடும், ராக்கர் வரை ஏறாது. வால்வு கவரைக் கழற்றி வைத்துக்கொண்டு, கிராங்க்கை அவ்வப்போது கால் சுற்று திருப்பி, பதினாறு ராக்கரிலும் ஆயில் வருகிறதா என்று எண்ணுங்கள்.

கவர் கழன்றிருக்கும்போதே கேமையும் பார்த்துவிடலாம். கையால் எஞ்சினைச் சுற்றி ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் குறியுங்கள். இன்டேக் எட்டும் தங்களுக்குள், எக்ஸாஸ்ட் எட்டும் தங்களுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் கேமில் அந்த வால்வுக்கான மேடு (லோப்) தேய்ந்துவிட்டது. அதன் துகள் எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கும் என்பதால் கேமை மட்டும் மாற்றி மூடுவது வீண். பிரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

டாஷ்போர்டு கேஜை ஒதுக்கிவிட்டு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, தாராளமான கணக்கும்கூட. குளிர்ந்திருக்கும்போது 60 காட்டி, சூடானதும் ஐடிலில் 5-க்கு இறங்கினால் பேரிங் இடைவெளி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். விற்கிறவர் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் காட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

கம்ப்ரெஷனும் லீக்டவுனும்

எல்லா பிளக்கையும் கழற்றி, பற்றவைப்பைத் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நிறைந்த பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து உந்தல். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம்: மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே போகக் கூடாது. பெரிய கேம் போட்ட எஞ்சினில் எல்லாமே 130 பிஎஸ்ஐயைச் சுற்றி வந்தால் பதற வேண்டாம். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் ஸ்டார்ட்டர் வேகத்தில் அழுத்தம் வெளியே போய்விடும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு மேசைக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் இன்னும் தெளிவாகப் பேசும். 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்து 10 சதவீதத்துக்குள் கசிந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் தொல்லை. காதை வைத்துக் கேளுங்கள்: கார்ப்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட்.

மவுன்ட், த்ராட்டில், கியர்பாக்ஸ்

இந்தப் பகுதி உயிர் சம்பந்தப்பட்டது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவர்லேக்களைத் திரும்ப அழைத்தது, எஞ்சின் மவுன்ட் பிரிந்துபோனதற்காக. இடது மவுன்ட்டின் ரப்பர் விட்டுப்போனால் முறுக்குவிசையில் எஞ்சின் அந்தப் பக்கம் எழும்பும், எழும்பும்போது த்ராட்டிலை இழுத்துத் திறக்கும், திறந்தால் இன்னும் எழும்பும். மாற்று எஞ்சின் போட்டவர் பழைய மவுன்ட்டையே திரும்ப மாட்டியிருக்க நிறைய வாய்ப்பு. ஒருவர் உள்ளே பிரேக்கை அழுத்திப் பிடித்து டிரைவிலும் ரிவர்ஸிலும் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். வண்டிக்கு முன்னே யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினால் மவுன்ட் போய்விட்டது. உள்ளே கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும் வகை மவுன்ட் வாங்கிப் போடுங்கள். ரப்பர் பிரிந்தாலும் எஞ்சின் எழும்பாது.

எஞ்சின் ஓடாதபோது ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்து, கார்ப்பரேட்டரில் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் சட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு வேண்டும். ஏர் கிளீனரைப் பூட்டிய பிறகும் ஒருமுறை செய்யுங்கள். லிங்கேஜ் அதன் அடித்தட்டில் சிக்குவது மூடிய பிறகுதான் தெரியும்.

ஆட்டோமேட்டிக்கில் கார்ப்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இணைப்பு பல இடங்களில் விடுபட்டிருக்கும். மோப்பார் 727 கியர்பாக்ஸில் அந்தக் கம்பி உள் அழுத்தத்தையே கட்டுப்படுத்துகிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் கருகும். செவர்லேயின் 700ஆர்4 கியர்பாக்ஸின் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளும் அப்படித்தான், அளவு தவறினால் கியர்பாக்ஸ் சில மணி நேரத்திலேயே போய்விடும். டர்போ 350 கியர்பாக்ஸில் கேபிள் கிக்டவுனுக்கு (முழுக்க மிதித்தால் கீழ் கியருக்கு இறங்குவது) மட்டும், டர்போ 400-இல் அது மின்சார ஸ்விட்ச். அவை இல்லாவிட்டால் அப்படிக் கியர் இறங்காது, பெரிதாக எதுவும் உடையாது.

கீழே படுத்து ஃபிளெக்ஸ்பிளேட் மூடியைக் கழற்றுங்கள். பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டோவல் பின் இருக்க வேண்டும். பிளாக்கை மெஷின் ஷாப்பில் வேகவைத்துக் கழுவும்போது எடுத்துவிட்டுத் திரும்பப் போட மறப்பார்கள். அவை இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் கோணலாக உட்கார்ந்து முன் பம்ப் சீல் அடிக்கடி போகும். கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது) போல்ட்களைத் தளர்த்திப் பின்னே தள்ளினால் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் ஓர் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு முதல் பதினாறில் மூன்று பங்கு வரை இடைவெளி வர வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் பம்ப் நசுங்கிக்கொண்டிருக்கிறது.

மேனுவல் வண்டிக்கு ஆட்டோமேட்டிக்கிலிருந்து வந்த எஞ்சின் என்றால் கிராங்க்கின் பின்னே பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் வளையம்) இருக்கிறதா என்பது கேள்வி. சில மோப்பார் கிராங்க்களில் அதற்கான துளையே முழுக்கக் குடையப்பட்டிருக்காது. பெடலின் அசைவைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் இசட்-பார் மாட்டும் குமிழ் போல்ட்டுக்கான துளையும் சில செவர்லே பிளாக்குகளில் இருக்காது. அங்கே வெல்டிங் செய்த ஒட்டுத் தகடு தெரிந்தால் அதை ஆட்டிப் பாருங்கள்.

செவர்லே ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் போல்ட்டின் தண்டு கோடுகோடாகச் சொரசொரப்பாக இருக்கும், அதுதான் ஸ்டார்ட்டரை இடத்தில் நிறுத்துகிறது. கடையில் கிடைத்த சாதாரண போல்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட்டர் ஆடி, பிளாக்கின் காது உடையும். 153 பல் சக்கரத்துக்கு நேர்வரிசைத் துளை, 168 பல்லுக்குச் சாய்வுத் துளை. கிரீச்சென்று சத்தம் வந்தால் பல்லின் உச்சிக்கும் எதிர்ப்பல்லின் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாதாரண பேப்பர் கிளிப் கம்பி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும்.

பெல்ட், ஃபேன், சூடு

1969-இல் செவர்லே, கார்வெட்டைத் தவிர, குட்டை வாட்டர் பம்பிலிருந்து நீளமானதற்கு மாறியது. ஆல்டர்னேட்டரும் இடதிலிருந்து வலதுக்குப் போனது. குட்டைப் பம்ப் ஏறக்குறைய 5⅝ அங்குலம், நீளமானது 6¹⁵⁄₁₆. பழைய வண்டியின் புல்லியும் புதிய எஞ்சினின் பம்பும் கலந்தால் பெல்ட் கோணலாக ஓடும். நீள அளவுகோலைப் புல்லிகளின் மேல் வைத்தால் கண்ணுக்கே தெரியும். அதற்காக வாஷர் அடுக்கி நேராக்கியிருந்தால் முழுத் தொகுப்பையும் ஒரே வருடத்துக்கு மாற்றுங்கள். ரிவெட் அடித்த பழைய ஃபிளெக்ஸ் ஃபேன் இருந்தால் கழற்றுங்கள், அதன் இதழ் விரிந்து பறந்தால் பானெட்டே கிழியும். எஞ்சின் ஓடும்போது எந்த ஃபேனுக்கும் பக்கவாட்டு நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

ஃபேனைச் சுற்றிய கூடான ஷ்ரவுட் இருக்கிறதா, ஃபேன் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிறதா, கீழ் ஹோஸ் வேகம் ஏறும்போது சூம்புகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் வாயில் எரிவாயுக் கசிவு சோதனை செய்யுங்கள். நீலத் திரவம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட்டோ விரிசலோ. நின்றால் சூடேறி, ஓடினால் குளிர்ந்தால் காற்றுக் குறை. ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டரோ, தண்ணீர் ஓட்டமோ, டைமிங்கோ.

பெட்ரோலும் மின்சாரமும்

கார்ப்பரேட்டருக்கு முன்னே பிரஷர் கேஜ் வையுங்கள். எடெல்பிராக் வகைக்கு 6 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, ஹோலி 7 வரை தாங்கும். கண்ணாடி ஃபில்ட்டர் தெரிந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். அது கசிந்து சொட்டும் இடம் எக்ஸாஸ்ட்டுக்கு மேலே. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். டேங்கின் மேலே, கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துண்டு இருக்கும், அதையும் சேர்த்து.

எச்இஐ (ஜெனரல் மோட்டார்ஸின் மின்னணுப் பற்றவைப்பு) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய பாயின்ட் காலத்து ரெசிஸ்டன்ஸ் வயரையே இழுத்துக் கொடுத்திருப்பார்கள். சாவியை ஆன் செய்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி என்ற முனையில் அளந்தால் உண்மை தெரியும். பிளாக்கிலிருந்து ஃபயர்வாலுக்குப் பட்டை எர்த் இருக்கிறதா? இல்லையென்றால் மின்னோட்டம் த்ராட்டில் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் கருகும். பெரிய ஆல்டர்னேட்டர் போட்டு, பழைய மெல்லிய வயரையே விட்டிருந்தால் வயரையும் ஃபியூசிபிள் லிங்க்கையும் சேர்த்து மாற்றுங்கள். மோப்பார்களில் மொத்த மின்னோட்டமும் ஃபயர்வால் கனெக்டர் வழியாக ஆம்மீட்டருக்குப் போய்வரும். கனெக்டரைப் பிரித்துப் பார்த்து, பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை இரவில் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டாம்.

சாலைக்கு முன்

எஞ்சின் சக்தி கூடியிருக்கலாம், பிரேக் கூடியிருக்காது. 1966 வரையிலான பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை, ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போச்சு. இரட்டை அறைக்கு மாற்றுவது முதல் செலவாக இருக்கட்டும். பெரிய கேமில் ஐடில் வேக்குவம் 10-12 அங்குலத்துக்கு (பாதரசக் கணக்கில்) இறங்கினால் பிரேக் பூஸ்டர் உதவாது. எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வேக்குவம் போதவில்லை அல்லது பூஸ்டர் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம், டயர் செய்த வாரமும் வருடமும். மூன்றே இலக்கம் என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி, கழற்றுங்கள்.

ஸ்மால் பிளாக் இருந்த இடத்தில் பிக் பிளாக் உட்கார்ந்திருந்தால் முன்னே சுமார் 100 பவுண்டு கூடியிருக்கும்; முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கியர்பாக்ஸும் மாறியிருந்தால் டிரைவ்ஷாஃப்ட் யோக் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். முழுக்க முட்டும் இடத்திலிருந்து முக்கால் அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து மைல். திரும்பி வந்து அடியில் அட்டை விரித்துச் சொட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஹெட்டர் போல்ட்களை ஆறிய பிறகு இறுக்குங்கள், பிளக் வயர் எங்காவது குழாயைத் தொட்டு உருகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். அடுத்து இருபது மைல், மறுபடி போல்ட், மறுபடி அட்டை. நூறு மைலில் ஃபில்ட்டரை மாற்றி, கழற்றியதை வெட்டி, முதல் ஃபில்ட்டரின் காகிதத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்து ஒப்பிடுங்கள். இரண்டாவதில் துகள் குறைந்திருந்தால் 500 மைல் வரை போகலாம். கூடியிருந்தால் ஆயில் பானைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.